கோயிலுக்குள்ள ஒண்ணு, வெளியில ஒண்ணு: நம்ம பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வாலிபர் வேதபாடம் எடுக்கிறவர்களிடம் வந்து விழும் கேள்விகளில் பாதி வேதத்தைப் பற்றியே இருக்காது. வேதத்தைக் கையில் வைத்திருக்கும் மனுஷரைப் பற்றித்தான் இருக்கும். கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது, அசனத்துக்கு (கோயில் பொது விருந்துக்கு) காய்கறி நறுக்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தலில் என்று ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வரும். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் கோயில் என்றால் சர்ச், ஐயர் என்றால் குருவானவர்.

மாய்மாலம்னா சரியா என்ன அண்ணாச்சி? தப்பு செஞ்சவன் எல்லாம் மாயக்காரனா?

இல்லை. தப்பு செய்வது பலவீனம். தப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அது இல்லாத மாதிரி ஊருக்குக் காட்ட ஏற்பாடு செய்வதுதான் மாய்மாலம். பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார். உயிர்ப்பயம். வெளியே போய் மனங்கசந்து அழுதார். அதற்காக அவரை யாரும் மாயக்காரர் என்று சொன்னதில்லை.

அதே பேதுரு பிற்பாடு அந்தியோகியாவில் செய்தது வேறு ரகம். புறஜாதி, அதாவது யூதரல்லாத, விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து பர்னபாவும் விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார் (கலாத்தியர் 2). மாயம் என்ற சொல்லை அவர் போடுவது அங்கேதான். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம், யார் வந்தால் எழுந்துவிடுகிறோம் என்ற இந்தச் சங்கதிக்கு நம்ம ஊரில் விளக்கவுரை தேவையில்லை.

கோயிலுக்குப் போறவங்கதான் ரொம்ப மோசமா இருக்காவ. பின்ன நான் எதுக்குப் போகணும்?

கோதுமையும் களையும் அறுப்புவரைக்கும் சேர்ந்தே வளரும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். ஆகவே களை இருப்பது ஆச்சரியமில்லை. ஆனால் இந்த உவமையைச் சொல்லியே களைகள் தப்பித்துக்கொள்கின்றன, அது தனிக்கதை.

'அவர் சரியில்லை, நான் வரமாட்டேன்' என்று நின்றுவிட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். கொஞ்ச நாளில் அவர்கள் ஆண்டவரைப் பற்றி யோசிப்பது குறைந்து, அந்த 'அவரை'ப் பற்றி யோசிப்பது அதிகமாகிவிடுகிறது. போகாமல் இருப்பதற்கு உங்களுக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தால் சரி. அடுத்தவர் யோக்கியதையை உங்கள் காரணமாக வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டு இந்துக்காரங்க, 'ஒங்க வேதத்துல இப்படித்தான் சொல்லியிருக்கா'ன்னு கேக்காவ. என்ன பதில் சொல்ல?

'இல்லை, அப்படிச் சொல்லவில்லை, எங்க ஆள் செய்தது தப்புதான்.' இவ்வளவு போதும். 'உங்க கோயில்ல மட்டும் என்ன வாழுதாம்' என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். வேண்டாம். 'தேவனுடைய நாமம் புறஜாதிகளுக்குள்ளே உங்கள்மூலமாய்த் தூஷிக்கப்படுகிறதே' என்று பவுல் ரோமர் 2இல் எழுதியது நியாயப்பிரமாணம் தங்கள் கையில் இருக்கிறது என்று பெருமை பேசியவர்களுக்கு. அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது நாம்.

வெள்ளைக்காரங்க காலத்துல சபை சுத்தமா இருந்துச்சு, இப்பத்தான் கெட்டுப்போச்சுன்னு தாத்தா சொல்லுதாரு. நெசமா?

நிஜமில்லை. வடக்கன்குளத்துக்குப் போய்த் திருக்குடும்பக் கோயிலின் கதையைக் கேளுங்கள். 1872இல் கட்டினபோது சாதிக்கொரு பக்கம் உட்கார வசதியாக, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு கூடமாகக் கட்டி, நடுவே பீடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இடையில் சுவர். ஒரே பூசை, ஒரே நற்கருணை, ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டியது சேசு சபைக் குருக்கள்தான். 1910இல் குருக்களே அந்தச் சுவரை இடித்தார்கள். உடனே ஒரு பிரிவினர் சுவர் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டு, அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோயிலுக்குள்ளே தீட்டைக் காப்பாற்றித் தரச் சொல்லி வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போன கிறிஸ்தவர்கள், தாத்தா சொல்லும் அந்தச் சுத்தமான காலத்து ஆட்கள்தான்.

நம்ம சீர்திருத்தச் சபைப் பக்கமும் குறைவில்லை. இடையன்குடியைக் கட்டி எழுப்பிய கால்டுவெல், தான் ஊழியம் செய்த பனைத்தொழில் மக்களையே தாழ்த்தி 1849இல் ஒரு புத்தகம் போட்டார். அந்தப் புண்ணும் மிஷனரிகளின் அதிகாரத்தின் மேல் இருந்த கோபமும் சேர்ந்துதான் 1857இல் நாசரேத் பக்கம் அருமைநாயகம் சட்டம்பிள்ளை தனிச்சபையே கண்டார். டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் இந்தப் பக்கத்து ஊழியத்தை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினபோது, படிக்கிறவர்களின் ஊக்கம் கெட்டுவிடும் என்று கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். 1903இல்தான் அது புத்தகமாக வந்தது. நல்ல செய்தி மட்டும் போகும் ஆண்டறிக்கை நேற்று வந்த பழக்கமில்லை.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா இதை நேருக்கு நேர் சொன்னார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். வேலைக்காரனாக நடத்திவிட்டு சகோதரன் என்று பிரசங்கம் பண்ணுவதைத்தான் அவர் சுட்டினார். கேட்டவர்கள் பலருக்குக் கசந்தது. இரண்டு வருஷம் கழித்து அவரே தோர்ணக்கல்லின் அத்தியட்சர், அதாவது பேராயர், ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பேராயர். ஆகவே தாத்தாவிடம் சொல்லுங்கள்: அந்தக் காலத்திலும் மாய்மாலம் இருந்தது, அதை எழுந்து நின்று கேட்க ஆளும் இருந்தது.

இப்பத்தான் எந்தக் கோயில்லயும் சுவர் இல்லையே. சாதி போயிட்டுன்னு சொல்லலாம்லா?

செங்கல் சுவர் இல்லை. கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள்: 'ஆவிக்குரிய குடும்பம், ஜெபவீரர்' என்று போட்டு அடுத்த வரியில் சாதி இருக்கும். சபைத் தேர்தலில் எந்த அணிக்கு யார் ஓட்டு என்று எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று பாருங்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்கள் எழும்பும்போதும் தனித்தனியாக எழும்ப இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே சாதியில கல்யாணம் முடிச்சா அது மாய்மாலமா? அப்பா அம்மா பார்த்து வச்சதுதானே?

இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. தெரிந்த குடும்பம், சொந்தம், பழக்கம் என்று பார்த்து முடிக்கிற கல்யாணங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் அமையும். அப்படி அமைந்ததாலேயே ஒருவரை மாயக்காரர் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

சோதித்துப் பார்க்கும் இடம் வேறு. மகன் வேறு சாதிக் கிறிஸ்தவப் பெண்ணை விரும்புகிறான் என்று வையுங்கள். ஒரே சபை, ஒரே பாடகர் குழு. அப்போது 'தேவசித்தம் இல்லை' என்று சொல்லி ஜெபக்கூட்டம் வைக்கிறோமா? சாதி என்று சொல்ல வெட்கப்பட்டு அதன் மேல் ஆண்டவர் பெயரைப் போர்த்துகிறோமா? சாதிக்காக மறுப்பது பாவம். அதைத் தேவசித்தம் என்று பிரசங்கம் பண்ணுவதுதான் முதல் பதிலில் சொன்ன மாய்மாலம். பையனுக்கும் பெண்ணுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நாங்க வரதட்சணை கேக்கல. 'ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யத செய்யுங்க'ன்னுதான் சொன்னோம். அதுவும் தப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். பெண் வீட்டிலிருந்து இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். மூத்த மருமகளுக்கு எத்தனை பவுன் வந்தது என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்' என்று முடித்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சட்டம் தெளிவு. 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் கேட்பதும் குற்றம். நேரடியாகவோ சுற்றிவளைத்தோ, எப்படிக் கேட்டாலும் கேட்டதுதான். கேட்காமல் தானாக வருகிற பரிசுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தில் அந்தப் பட்டியலை எழுதச் சொல்லிப் பாருங்கள், முகங்கள் எப்படி மாறுகின்றன என்று தெரியும். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கும்போது 'இந்த விவாகத்துக்குத் தடை உண்டா' என்று கேட்கிறார்கள். பவுன் கணக்கை ஒரு தடையாக யாரும் எழுந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்பா சொத்துல பொம்பளப் பிள்ளையளுக்குப் பங்கு உண்டா? அதான் கல்யாணத்துல நகை போட்டாச்சே?

உண்டு. நம்மவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகன் மகள் எல்லாருக்கும் சமபங்கு. கேரளத்தில் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்த உரிமை கிடைக்க 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. திருநெல்வேலி பழைய சென்னை மாகாணத்தில் இருந்ததால் நமக்கு அந்தக் குழப்பம் கிடையாது. நகை போட்டதால் பங்கு கழிந்துவிட்டது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. வாங்கக் கூடாததை வாங்கிக்கொடுத்துவிட்டு, அதையே காரணமாகக் காட்டிக் கொடுக்க வேண்டியதை நிறுத்துகிறோம்.

நடப்பில் என்ன செய்கிறோம்? அப்பா இறந்து நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு அக்கா தங்கச்சியை பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அவர்கள் 'அண்ணன் தம்பி உறவு வேணும்லா' என்று போட்டுவிடுகிறார்கள். மனசார விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் இஷ்டம். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது என்ற பயத்தில் போட்டால் அதற்கு வேறு பெயர். நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு மத்தேயு 23இல் பேசுகிறார். இந்த விஷயத்தைப் பற்றி நம் கன்வென்ஷன் கூட்டங்களில் ஏன் பிரசங்கமே வருவதில்லை என்று யோசித்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பிகள்.

காணிக்கை குடுத்தவங்க பேரை மைக்குல வாசிக்கிறது தப்பா? வாசிச்சாத்தானே நாலு பேரு குடுப்பாவ?

நாலு பேர் கொடுப்பார்கள், உண்மைதான். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போல இருபது மடங்குக்கு ஏலம் போவதில் பாதி பக்தி, பாதி மைக். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அது ஒரு திருவிழாச் சந்தோஷம், எல்லாரும் தெரிந்தே விளையாடுவது. ஆதிச்சபையில் நிலத்தை விற்றுக் காணிக்கை கொண்டுவந்த அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் செத்தது கொஞ்சமாகக் கொடுத்ததற்காக இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிலம் அவர்களுடையது, கொடுக்காமலே இருந்திருக்கலாம். பாதியைக் கொடுத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகப் பெயர் வாங்கப் பார்த்தார்கள்.

நம்ம பக்கத்துப் பழைய வழக்கம் ஒன்று இதற்கு நேர்மாறானது: கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டு, சேர்ந்ததும் கோயிலில் கொண்டு கொட்டுவார்கள். எல்லார் அரிசியும் ஒன்றாகக் கலந்துவிடும். யார் கை பெரிசு, யார் கை சிறிசு என்று எவருக்கும் தெரியாது. இந்த மாதிரிச் சில்லறைக் காணிக்கைகளைக் கொடுத்த ஜனங்கள்தான் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, வெள்ளைக்காரர் காசு இல்லாமல் ஆந்திரப் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். யார் பெயரிலும் அந்த அரிசிக்குக் கல்வெட்டு கிடையாது.

தசமபாகம் பைசா சுத்தமா குடுக்கேன். தொழில்ல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடுதிய?

முடிச்சுப் போட்டது நானில்லை. ஒற்தலாமிலும் (புதினா மாதிரிக் கீரை) வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று மத்தேயு 23:23 சொல்கிறது. வெந்தயம் கொடுத்ததை அவர் குறை சொல்லவில்லை. இதையும் செய்ய வேண்டும், அதையும் விடக் கூடாது என்கிறார்.

நம்ம பக்கத்துக்கு ஏற்ற மாதிரிச் சொல்கிறேன். எத்தனையோ வீடுகள் பீடி சுற்றிப் பிழைக்கின்றன. சுற்றிக் கொண்டுவரும் கட்டுகளில் சரியில்லை என்று கழித்து, கழித்ததற்குக் கூலி தராமல், அந்தக் கழிவையும் தாங்களே வைத்துக்கொள்கிற ஆட்கள் உண்டு. அப்படிச் செய்கிறவர் ஞாயிற்றுக்கிழமை உறையில் போடும் தசமபாகத்தில் அந்தப் பெண்களின் கூலியும் இருக்கிறது. 'வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது' என்று யாக்கோபு 5 சொல்கிறது. பிடிக்கப்பட்ட கூலியே கத்துகிறதாம். காணிக்கைத் தட்டில் போட்டால் மட்டும் அது சும்மா இருக்குமா? வரி வசூலித்த சகேயு என்ன செய்தார் என்று பாருங்கள். கோயிலுக்கு ஒரு மணி வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. யாரிடம் அநியாயமாய் வாங்கினாரோ அவருக்கே நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றார்.

ஐயர் யோக்கியமில்லன்னு எனக்கே தெரியும். அவரு கையால நற்கருணை வாங்கலாமா?

வாங்கலாம். இது பழைய கேள்வி. வட ஆப்பிரிக்காவில் அகுஸ்தீன் காலத்திலேயே, அதாவது நாலாம் ஐந்தாம் நூற்றாண்டிலேயே, இதற்காகச் சபை இரண்டாக உடைந்தது. உபத்திரவத்தில் பின்வாங்கின குருமார் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா என்பதுதான் தகராறு. செல்லும், ஏனென்றால் கொடுப்பவர் கிறிஸ்து என்பது அகுஸ்தீனின் பதில். நம்ம சி.எஸ்.ஐ.க்கு (தென்னிந்தியத் திருச்சபைக்கு) ஒரு வேராக இருக்கும் ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் 26ஆவது இதையே சொல்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் ஐயர்மாருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த 26ஆவது பிரமாணத்துக்கு இரண்டாம் பாதி இருக்கிறது: பொல்லாத ஊழியர்களை விசாரிக்க வேண்டும், குற்றம் நிரூபணமானால் நீக்க வேண்டும். நற்கருணை செல்லும் என்பதால் ஆளும் செல்லும் என்று ஆகிவிடாது.

சபைத் தேர்தல்னு வந்தா கவர், சாப்பாடு, கோர்ட் கேஸ். இதுல நல்லவன் நிக்கலாமா, ஒதுங்கிரலாமா?

நிற்கலாம், கவர் கொடுக்காமல். அநேகமாகத் தோற்பீர்கள். அப்படித் தோற்ற நாலு பேர் இருக்கிற சேகரத்தில் (ஒரு ஐயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பில்) ஜெயித்தவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் பயந்து எழுதுகிறார்கள், அதைப் பார்த்திருக்கிறேன். நிற்க மனசில்லாவிட்டால் கவரையாவது வாங்காதீர்கள். ஆண்டறிக்கைக் கூட்டத்தில் வரவு செலவு கேட்க ஓட்டுரிமை உள்ள எல்லாருக்கும் வாய் இருக்கிறது.

வீட்டுல பைபிள், சர்டிபிகேட்டுல இந்து. இதுதானே பெரிய மாய்மாலம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் யார் என்று முதலில் பார்ப்பேன். கேட்பவர் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லாத சாதிக்காரர்.

விஷயம் இது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆக முடியும் என்று ஆனது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தால் படிப்பு, வேலை, உள்ளாட்சித் தேர்தல் எல்லாவற்றிலும் அந்த இடம் போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்வந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை நிராகரித்துவிட்டது. ஆகவே சட்டப்படி இது ஆபத்தான காரியம். பிள்ளைகளுக்கு வேலை கிடைத்த பிற்பாடும் பறிபோகலாம். வாயால் ஒன்று, காகிதத்தில் ஒன்று என்பது மனசாட்சியை அரிக்கும் என்பதும் உண்மை. அதை நானும் மறைக்க மாட்டேன்.

ஆனால் மாய்மாலம் என்ற சொல்லை அந்தக் குடும்பத்தின் மேல் எறிவதற்கு முன் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லித்தான் அந்தச் சலுகையை மறுக்கிறார்கள். சாதி இல்லை என்று மேலே எழுதிக்கொடுத்த நாம், உள்ளே எப்படி இருக்கிறோம் என்பதைச் சுவரைப் பற்றிய கேள்வியில் சொல்லிவிட்டேன். பெரிய வேஷம் அங்கேதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாள் என்று கூடுகிறார்கள். கேள்வி கேட்பவர் அன்றைக்குப் போய் அவர்களோடு நின்றுவிட்டு வந்து கேட்டால், உட்கார்ந்து பேசலாம்.

எனக்கு இப்பல்லாம் ஜெபிக்கவே மனசு வரல. மனசில்லாம கோயிலுக்குப் போனா அதுவும் வேஷம்தானே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மையான ஆட்கள், தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிறவர்கள். வேஷம் இல்லை. வயல்காட்டில் வேலை செய்கிறவன் எல்லா நாளும் ஆசையோடு மண்வெட்டியைத் தூக்குவதில்லை, தூக்கினால் அது நடிப்பு என்று யாரும் சொல்வதுமில்லை. 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னான் (மாற்கு 9). இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

வேஷம் எப்போது ஆகும் என்றால், உள்ளே வறண்டு கிடக்கும்போது சாட்சி நேரத்தில் எழுந்து 'ஆண்டவர் என்னோடு இன்று காலையில் பேசினார்' என்று சொல்லும்போது. வறட்சியாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்ல முடியாவிட்டால் ஒரு ஆளிடமாவது சொல்லுங்கள். பல்லவி பாடும்போது வாய் திறக்க முடியாவிட்டால் சும்மா நில்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

'குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்'னு வசனம் இருக்கே. பின்ன யாரையும் எதுவும் கேக்கக் கூடாதா?

இந்த வசனத்தை யார் அதிகம் சொல்கிறார்கள் என்று கவனித்தால், மாட்டிக்கொண்டவர்கள்தான். மத்தேயு 7இல் அந்தப் பகுதியை முழுக்க வாசியுங்கள். முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்று முடிகிறது. துரும்பு அங்கேயே இருக்கட்டும் என்று அது சொல்லவில்லை. மத்தேயு 18இல் முறையும் இருக்கிறது: முதலில் தனியாக, அப்புறம் ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபைக்கு.

ஒரு விலக்கு, இதை அழுத்திச் சொல்கிறேன். குற்றம் நடந்திருந்தால், முக்கியமாகச் சிறுபிள்ளைகள் சம்பந்தப்பட்டதாக இருந்தால், 'தனியாய்ப் போய் உணர்த்து' என்பது பொருந்தாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி, அப்படிப்பட்ட குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைக்கச் சொல்லுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எவ்வளவு கண்ணீரோடு ஜெபித்தாலும் கேட்காதீர்கள்.

எல்லாம் சரி. நான் ஒருத்தன் உண்மையா இருக்கணும்னா எங்கன ஆரம்பிக்க?

பெரிசாக ஒன்றும் தீர்மானிக்காதீர்கள். கன்வென்ஷன் கடைசி நாளில் கை தூக்கி எடுத்த தீர்மானங்கள் பந்தல் பிரிக்கும்போதே பாதி போய்விடும். மத்தேயு 5:23இல் ஒரு வழி இருக்கிறது. பீடத்தில் காணிக்கை செலுத்த வந்து, உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. உங்களுக்கு யார் மேல் வருத்தம் என்று கேட்கவில்லை, உங்கள் மேல் யாருக்கு வருத்தம் என்று கேட்கிறது. அந்தப் பட்டியல் அநேகமாகச் சின்னது: வரப்புத் தகராறில் பேசாத சித்தப்பா, கூலி பாக்கி வைத்த ஆள், கையெழுத்து வாங்கின தங்கச்சி. மூன்றில் எது எளிதோ அதில் தொடங்குங்கள்.

தங்கச்சியிடம் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. விடுதலைப் பத்திரம் பதிவான பிறகு 'உன் பங்கு உனக்குத்தான்' என்று வாயால் சொன்னால் செல்லாது. நீங்கள் அவள் பெயருக்குத் தனியாகத் தானப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைக் கட்டணம் கிரயத்தைவிடக் குறைவு. எவ்வளவு என்று உங்கள் ஊர் ஆவண எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் பதிந்த பிறகு பட்டாவையும் மறக்காமல் மாற்றிக்கொடுங்கள்.